ஒரு வாரத்துக்கு எத்தனை சட்டை

திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அட்டைகள் வந்தன. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. பாடப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டார்கள். தட்டுத் தட்டாகப் படம் போட்ட அட்டைகள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குரிய அட்டையை எடுத்துப் படித்து, எழுதி, முடித்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். ஒருத்தி முயல் படத்தில் இருப்பாள், இன்னொருத்தன் மயிலில் இருப்பான். மாதத் தேர்வு இல்லை, ரேங்க் இல்லை. டீச்சரும் பாயில் உட்கார வேண்டும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு வந்த லாபம் எனக்கு அப்போது சரியாகத் தெரியவில்லை. எனக்கு வந்தது முழங்கால் வலி.

முதல் வாரமே ஒரு தகப்பனார் வந்து நின்றார். பக்கத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர். மகள் என் வகுப்பில்தான். ஜன்னல் வழியாகப் பத்து நிமிஷம் பார்த்திருப்பார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்க டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாரும் வட்டமா உக்காந்து சீட்டாடற மாதிரியே இருக்குதுங்களே?"

நான் தெற்கே கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் சண்டைக்கு வந்தால் சண்டைக்கு வந்தது தெரியும். இங்கே இத்தனை 'ங்க' போட்டுக் கேட்கிறவரிடம் எப்படிக் கோபப்படுவது என்று நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

"ஒவ்வொரு புள்ளையும் அதது வேகத்துல படிக்கும் சார்" என்று பயிற்சியில் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.

"அது சரிங்க. என்ற புள்ள எத்தனாவது ரேங்க்குன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? நாங்க ஒரு பீஸை அனுப்புறதுக்கு முன்னால மூணு பேரு செக் பண்றோமுங்க. நீங்க அஞ்சு வருஷம் வெச்சிருந்து ஒரு தடவைகூட செக் பண்ணாம அனுப்புவீங்களாக்கும்?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் ரேங்க் போடாமல் கை நமநமவென்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை தவறாமல் வந்தார். வரும்போதெல்லாம் அதே கேள்வி, அதே மரியாதை. இப்படி இருக்கும்போது சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே கேள்வித்தாளில் அடைவுத் தேர்வு; வெளியிலிருந்து ஆள் வந்து நடத்துவார்கள். மனுஷருக்குப் பிடிபடாத சந்தோஷம். மகளுக்குப் புதுப் பென்சில், பரீட்சை அட்டை, ஒன்றுக்கு இரண்டாக ரப்பர். தேர்வன்று காலையில் நெற்றி நிறைய விபூதி பூசி, பள்ளி கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "நல்லா பண்ணு கண்ணு" என்று சொல்லி ஷிப்டுக்கு ஓடினார்.

தேர்வு நடத்த வந்த அம்மா என்னை வகுப்புக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். நான் வராந்தாவில் நின்றேன். தமிழ் முடிந்து கணக்கு. பாதியில் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு குரல் வந்தது.

"டீச்சர், ஞாயித்துக்கெழமையும் சேத்தோணுங்களா?"

எந்தக் கேள்வி, என்ன ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் எனக்குப் புரியவில்லை. "கேள்வியில இருக்கறத மட்டும் படி" என்று உள்ளேயிருந்து அந்த அம்மா அதட்டினார். நான் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வாரம் கழித்து, வேறு பள்ளி ஆசிரியர்கள் திருத்திய தாள்கள் கட்டாக வந்தன. தமிழில் நல்ல இடம். கணக்கில் எங்கள் வகுப்பு கடைசிப் பிரிவில் இருந்தது. தாள்களைப் பிரித்துப் பார்த்தேன். பெருக்கல் கேள்வி ஒன்றில் வகுப்பே மொத்தமாகச் சறுக்கியிருந்தது. அதுவும் ஐந்து மதிப்பெண் கேள்வி. 'ஒரு தையல்காரர் ஒரு நாளில் 6 சட்டைகள் தைக்கிறார். எனில் ஒரு வாரத்தில் எத்தனை சட்டைகள் தைப்பார்?'

விடைக்குறிப்பில் 42. என் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 36 எழுதியிருந்தார்கள். ஞாயிறு லீவு. அம்மாவும் அப்பாவும் ஒன்றரை ஷிப்ட் போகிற ஒரு பையன் 54 எழுதியிருந்தான். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்பது, ஆறு நாளுக்கு ஐம்பத்துநாலு. பிசகே இல்லை. சூப்பர்வைசர் மகள் மட்டும் பூஜ்ஜியம் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவர் வந்துவிட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? செக் பண்ணியிருந்தா இப்படி ஆகுமுங்களா?"

நான் தாளை எடுத்துக் கொடுத்தேன். பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"என்ன கண்ணு இது? ஆறேழு தெரியாதா?"

"தெரியும்ப்பா. நாப்பத்திரெண்டு."

"அப்புறம் எதுக்கு முட்டை போட்ட?"

"ஒரு டெய்லர் எங்கப்பா முழுச் சட்டை தைப்பாங்க? ஒருத்தங்க கை ஓட்டுவாங்க, ஒருத்தங்க கழுத்து அடிப்பாங்க. நீதான சொன்ன, ஒருத்தரா முழு பீஸ் முடிக்கவே முடியாதுன்னு?"

அவர் தாளை மறுபடியும் படித்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். வாட்ச்சைத் திருகினார். கடைசியில் ஒரு பீஸை பாஸ் பண்ணுகிற குரலில் சொன்னார்: "புள்ள சொல்றது கரெக்டுங்க டீச்சர். கேள்விலதான் டேமேஜு."

அதுவரை பரீட்சை பரீட்சை என்று என்னைக் குடைந்தெடுத்த மனிதர், அன்றிலிருந்து பரீட்சையைத் திருத்தக் கிளம்பிவிட்டார். அடுத்த புதன்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டு, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு தேர்வை நடத்திய வட்டார வள மையத்துக்குப் புறப்பட்டார். தலைமையாசிரியை "நீயும் கூடப் போ, ஏதாவது பேசிவைக்கப் போறார்" என்று என்னை அனுப்பினார். தகப்பனார் கையில் ஒரு பை. அங்கே போனதும் மைய மேற்பார்வையாளரின் மேஜைமேல் அதைக் கவிழ்த்தார். தைக்காத டீ சர்ட் ஒன்று: இரண்டு கை, முன்பக்கம், பின்பக்கம், கழுத்துப்பட்டி.

"இதுல எதைங்க சார் அந்தத் தையல்காரர் தைச்சாரு?"

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். துணிகளை ஒதுக்கிவிட்டு, மூன்று டீ சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். 54 எழுதிய பையன் கதைக்குச் சிரித்தே விட்டார்.

"நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா எல்லா ஊருக்கும் ஒரே விடைக்குறிப்பு. திருப்பூருக்கு ஒண்ணு, திருவாரூருக்கு ஒண்ணுன்னு போட ஆரம்பிச்சா யார் எங்க நிக்கிறாங்கன்னு எப்படிப் பாக்கிறது?"

"அப்படின்னா 'ஏழு நாளும் வேலை, முழுச் சட்டையும் ஒருத்தரே'ன்னு கேள்வியிலயே போட்டுருக்கலாமுங்களே. எப்படித் தைக்கோணும்னு ஸ்பெக் சரியாக் குடுக்காம பீஸை ரிஜெக்ட் பண்ணா நாங்க ஒத்துக்க மாட்டோமுங்க."

மேற்பார்வையாளர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். மார்க்கு மாறவில்லை. எனக்கென்னவோ இரண்டு பேரும் சொன்னது சரியாகத்தான் பட்டது. திரும்பும் பஸ்ஸில் அதைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். "டீச்சரே ரெண்டு பக்கமும் டிக் போட்டா எப்படீங்க?" என்றார்.

அடுத்த வருஷக் கேள்வித்தாளில் தையல்காரர் இல்லை. 'ஒரு கோழி நாளுக்கு ஒரு முட்டை இட்டால்' என்று இருந்தது. பல்லடத்துக் கோழிப்பண்ணைப் பக்கம் டீச்சராக இருக்கிற என் சிநேகிதி அன்று மாலையே போன் செய்தாள். அவள் வகுப்பில் ஒரு பெண், எந்தக் கோழியும் தினமும் முட்டை போடாது என்று பரீட்சை ஹாலிலேயே வாதாடினாளாம்.

ஆனால் சூப்பர்வைசர் மகள் அதற்குள் எங்கள் பள்ளியில் இல்லை. நாலாம் வகுப்பு முடிந்த ஜூனில் அவர் டி.சி. வாங்க வந்தார். மகளை ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்த்திருந்தார்.

"அங்க வாரம் ஒரு டெஸ்ட்டாமே சார்" என்றேன். விடுவேனா?

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "ஆமாங்க. திங்கக்கெழமை திங்கக்கெழமை. எல்லாம் தெரியுதுங்க டீச்சர். ஆனாலும் ரேங்க் கார்டைப் பாக்காட்டி மனசு கேக்க மாட்டேங்குது." பிறகு, ஒன்றும் நினைக்காமல், "உங்க பையன் எங்கீங்க படிக்கிறாப்ல?" என்று கேட்டார்.

அதே மெட்ரிக் பள்ளிதான். மூன்றாம் வகுப்பு. ஏப்ரல் பரீட்சையில் கணக்கில் நாலாவது ரேங்க் என்று அவனை நான் நிற்க வைத்துத் திட்டியிருந்தேன்.

டி.சி.யில் பிறந்த தேதியை மிகவும் கவனமாக எழுதிக்கொண்டே பள்ளியின் பெயரைச் சொன்னேன். நான் ஒரு நையாண்டியை எதிர்பார்த்தேன். அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சுங்க டீச்சர்" என்றார். "வேன்ல ரெண்டும் ஒண்ணாப் போகட்டும்."