வலப்பக்கத்து ஆணி

பிள்ளைகளா, உங்கள் சித்தப்பாவைக் கிணத்துக் கன்னி இழுத்துக்கொண்டாள் என்றுதான் நீங்கள் கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள். ஊரில் அப்படித்தான் சொன்னாக. நானும் இல்லையென்று சொன்னதில்லை. எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான், கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். படித்துவிட்டு என்னை என்ன நினைத்தாலும் சரி.

அந்தக் காலத்தில் எனக்குக் கிணற்றில் முங்கும் வேலை. மாடு கட்டி இறைக்கும் கமலையில் வடம் அறுந்து, தண்ணீர் அள்ளும் இரும்புச் சால் கிணற்றுக்குள் போய்விட்டால், கெங்குவார்பட்டியிலிருந்து சுருளிப்பட்டி வரைக்கும் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். மூன்று ஆள் ஆழத்தில் வெறும் உடம்போடு நிற்க முடியாது, தண்ணீர் மேலே தள்ளிவிடும். இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். மூச்சு முட்டினால் கல்லை அந்த நொடியே உதற வேண்டும். அதற்கென்று நானே ஒரு வார் செய்து வைத்திருந்தேன்.

கமலையில் கழித்துப் போட்ட பழைய தோலை வாங்கி, ஒரு நாள் ஊறப்போட்டு, ஈரத்தோடு அளவெடுத்தேன். காய்ந்த தோலில் அளவெடுத்தால் தண்ணிக்குள் நீண்டுபோய்த் தோளை விட்டு நழுவும். இரண்டு வாரை வீணாக்கித்தான் அதைக் கற்றுக்கொண்டேன். அப்புறம் புங்கெண்ணெய் பூசி இளக்கினேன். தோளுக்கு இரண்டு பட்டை, இடுப்புக்கு ஒன்று. தோள் அறுக்காமல் இருக்க உள்ளே சாக்குத்துணி வைத்துத் தைத்தேன். கல்லைத் தாங்கும் கயிற்று வலையை இடுப்புப் பட்டையில் காது மாதிரித் தைத்த தோல் வளையத்தில் மாட்டி, குறுக்கே ஒரு மர ஆணி செருகினேன். ஆணியை உருவினால் கல் கழன்று விழும். வேலை செய்யும்போது முழங்கை தட்டாதபடி அந்த ஆணியை வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே என் கை அங்கே போய்விடும்.

தம்பிக்கு இடக்கைப் பழக்கம். சோற்றை மட்டும் வலக்கையால் தின்பான், அதுவும் எங்கள் ஆத்தா அடித்த அடியால்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு முந்தின வாரம், சுருளிப்பட்டியில் ஒரு வாழைத்தோட்டத்துக் கிணற்றில் சால் விழுந்துவிட்டது. எனக்கோ மலைக்காய்ச்சல். போர்வையைச் சுற்றிக்கொண்டு கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தேன். வாழை வாடுகிறது, இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்று தோட்டக்காரர் தவித்துக்கொண்டு நின்றார். தான் இறங்குவதாகத் தம்பி சொன்னான். கல் கட்டி அவன் இறங்கியதே இல்லை. வாரை மாட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"ஏண்ணே, ஆணிய இடப்பக்கம் மாத்தித் தைச்சுக் குடேன்."

தோலை மறுபடி ஊறப்போட்டு, காது வெட்டித் தைக்க ஒரு நாளாவது ஆகும். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

"ஒரு முங்குதானடா. அனுசரிச்சுக்க. வலது கையின்னு மனசுல வச்சுக்க."

"மதினியே நீ சொல்றதக் கேக்க மாட்டாக, என் கையா கேக்கப் போகுது?" என்று சிரித்தபடி வடத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

கொஞ்ச நேரத்தில் வடத்தில் இரண்டு இழுப்பு வந்தது. சாலைக் கட்டியாயிற்று என்று அர்த்தம். மாட்டை ஓட்டினார்கள், சால் மேலே வந்தது. எங்கேனும் நெளிந்திருக்கிறதா என்று எல்லாரும் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். அது எவ்வளவு நேரம் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் அசையாமல் கிடந்தது.

ஒரு கல்லை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். அடியில் குத்தவைத்த மாதிரி இருந்தான். அவன் முதுகுப்பக்கம் போய் ஆணியைத் தொட்டேன். ஒரே இழுப்பு. கழன்றுவிட்டது.

படியில் கிடத்தி, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுத்துப் பார்த்தார்கள். உயிர் இல்லை. கன்னி காவு வாங்கிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள், மற்றவர்களும் அதையே சொன்னார்கள். வாரை நான்தான் அவிழ்த்தேன். இடப்பக்கத்துப் பட்டை முழுக்க நகக்கீறல். அவன் இடது கை நகங்களுக்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு தோல்தூள் ஏறியிருந்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. என் துண்டால் அந்த நகங்களைத் துடைத்துவிட்டேன். பழியைக் கன்னியின் மேல் போட்டது துடைத்த என் கைதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், காலையில், தனியாக ஆற்றுக்குப் போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாரை மாட்டிக் கல்லைக் கட்டினேன். வலக்கையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, இடக்கையால் ஆணியைத் தேடினேன். நாலு விரல் அகலம் எட்டவில்லை. உடம்பைத் திருகிப் பார்த்தேன், பட்டை தோளைப் பிடித்தது. கண்ணைத் திறக்காமல் மறுபடியும் தேடினேன்.