ஐஸ் தொடாத விரல்

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலை. ஜெபிக்கவே பிடிக்காமல் நான் திரிந்த நாட்கள் அவை. விசுவாசி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சாட்சி சொல்ல வந்துவிட்டுப் பாதியை மறைக்க எனக்குத் தெரியாது.

நான் காசிமேட்டில் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ். தினமும் நூறு வீடு ஏறி இறங்கி, காய்ச்சல் உண்டா என்று கேட்டு, விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும். யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். காய்ச்சல் என்று சொன்னால் தெருவையே தகரம் வைத்து அடைத்துவிடுவோம் என்று பயம். ஒருநாள் மாடியிலிருந்து மீன் கழுவின தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தெருவில் எனக்குச் சிம்மசொப்பனம் பாக்கியம் அக்கா. மீன் விற்பவர். வாயைத் திறந்தால் தெருவே அடங்கும். அவர் விரலில் கிளிப்பை மாட்டினால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். ஐஸில் அளைந்து ஜில்லிட்ட விரலில் அந்தக் கருவி தடுமாறும். தேய்த்துச் சூடாக்கினால் தொண்ணூற்றெட்டு வந்துவிடும்.

அன்றைக்கு எண்பத்து மூன்று காட்டியது.

"இன்னா நர்ஸம்மா, புச்சா பாக்குற மாரி முழிக்கிற? ஐஸ்ல வச்ச கை அப்டித்தான் காட்டும். அடுத்த வூட்டப் பாரு" என்றார்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. இரண்டு கையுறை மாட்டியிருந்ததால் அவர் விரல் சூடா, குளிர்ச்சியா என்றும் தெரியவில்லை. தேய்த்துப் பார்க்காமலே நடையைக் கட்டினேன். என் தப்புதான்.

தெருமுனையில் நிழல் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடினேன். அதை ஜெபம் என்று சொல்ல முடியாது, சண்டைதான் போட்டேன். "ஆண்டவரே, நான் பார்த்தது போதும். இனி நீர் பாரும், நான் வீட்டுக்குப் போகிறேன்" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். எதிரே ஐஸ் பெட்டிகள், காய்ந்துபோய், கவிழ்த்து அடுக்கிக் கிடந்தன. சுரீரென்று உறைத்தது. ஊரடங்குக்காக மீன் மார்க்கெட்டை மூடி மூன்று நாளாகிறது. இந்தத் தெருவில் ஐஸே கிடையாது. அப்படியானால் பாக்கியம் அக்கா எந்த ஐஸில் கை வைத்தார்?

ஓடினேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சுவரில் சாய்ந்திருந்தார், உதடு நீலம். அப்போதும் என்னைத் திட்ட வாயெடுத்தார். கையுறைகளை உருவிப் போட்டுவிட்டு அவர் விரலைப் பிடித்தேன். கொதித்தது. கிளிப்பை மாட்டினால் எழுபத்தாறு.

"ஐஸ் எங்கக்கா?" என்றேன்.

"தகரம் அட்ச்சிட்டா பசங்க பொழப்பு இன்னாவறது நர்ஸம்மா" என்று அழுதுவிட்டார்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். தெருவில் நின்று உதவி கேட்டுக் கத்தினேன். என் தலையில் தண்ணீர் ஊற்றிய வீட்டு அண்ணன்தான் மீன் ஏற்றும் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் கிளப்பினார். "ஏறு நர்ஸம்மா. அக்காவ நீ புட்ச்சிக்கோ."

வழியெல்லாம் வாய்விட்டு ஜெபித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகள் வரிசையில் காத்துக் கிடந்த காலம் அது. நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் ஒருவர் குணமாகி வீட்டுக்குக் கிளம்ப, அந்த ஆக்சிஜன் படுக்கை அக்காவுக்குக் கிடைத்தது. இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கடிதத்தை அன்றே கிழித்துப் போட்டேன்.

பதினேழாம் நாள் அக்கா தன் காலால் நடந்து தெருவுக்குள் வந்தார். கொஞ்ச நாளில் எனக்கு முன்னால் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "ஏய், தொறடி. எனக்கே எழ்பத்தாறுக்குப் பூட்சு, நீ இன்னா பெரிய இவளா? கைய நீட்டு." மறைத்து வைத்திருந்த காய்ச்சலெல்லாம் வெளியே வந்தது. அந்தத் தெருவில் ஒருவரையும் நாங்கள் இழக்கவில்லை. ஸ்தோத்திரம்!

அக்கா அம்மன் பக்தை. ஆடி மாதம் எனக்குக் கூழ் கொடுத்தனுப்புவார். "உன் சாமி கில்லாடி நர்ஸம்மா" என்பார். "ஆமாக்கா" என்பேன்.

பிரியமானவர்களே, நல்ல வார்த்தை அமையட்டும் என்று ஜெபத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடே போங்கள். தப்பும் செய்துவிட்டு, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கே அவர் பதில் கொடுத்தார், உங்களைக் கைவிடுவாரா? நம்பிக்கை வரவில்லையென்றால் காசிமேட்டுக்கு வாருங்கள். அன்று மூச்சுக்குத் திணறின பாக்கியம் அக்கா இன்று தெருக்கோடி வரை கேட்கக் கூவி மீன் விற்கிறார். கேட்டுவிட்டுப் போங்கள்.