மடுல்கெல்லவில் கழட்டச் சொன்ன சப்பாத்து

செலவைக் குறைக்க, யாழ்ப்பாணத்திலிருந்து தனியே சைக்கிளில் மலையகம் சுற்றினேன். மடுல்கெல்லவில் மழை பிடிக்க, புல்லுக்குள்ளால் சைக்கிளைத் தள்ளிப்போய் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் ஒரு லயன் வீட்டு வாசலில் ஒதுங்கினேன்.

வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, சப்பாத்தைக் கழட்டுங்க."

தனியே வந்தவனிடம் பறிக்கப் பார்க்கிறார் என்று பட்டது; வெறுங்காலோடு எவ்வளவு தூரம் ஓடலாம் என்றுதான் யோசித்தேன். "வேண்டாம் அண்ணை, நான் வெளிக்கிடுறன்."

அவர் உள்ளே போய், எதையோ கைக்குள் மூடிக்கொண்டு வந்து என் காலடியில் குனிந்தார். உதைக்கவே காலைத் தூக்கிவிட்டேன். கை விரிந்தது, உள்ளே உப்பு.

"அட்டை கடிச்சிருக்குங்க. வலிக்காது, அதான் உங்களுக்குத் தெரியல."

சொக்ஸை இறக்கினேன். கணுக்காலைச் சுற்றி அட்டைகள் இரத்தம் குடித்துப் பருத்திருந்தன. அவர் உப்பைத் தூவ, ஒவ்வொன்றாய்ச் சுருண்டு விழுந்தன.

இப்போது பையில் உப்புப் பொட்டலம் இருக்கிறது. மலையில் யாராவது கூப்பிட்டால், அவர் முகத்தைச் சந்தேகிக்கும் முன் என் காலைக் குனிந்து பார்க்கிறேன்.