ஒரே இழுப்பில் பிரியும் தையல்

என் அப்பா பதுளைக் கடைவீதியில் தையற்காரர். பத்து வயதில் நான் காஜா எடுப்பேன், பதினாறில் ரவிக்கை வெட்டித் தைப்பேன். அந்தப் பெருமையை எல்லாம் டிரங்குப் பெட்டியில் அடைத்துக்கொண்டுதான் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். பஸ் நின்ற இடத்திலிருந்து லயத்து வரிசை வீடுகளுக்கு இரண்டு மணி நேர நடை. பாதி வழியிலேயே பெருமை கொஞ்சம் கனக்க ஆரம்பித்துவிட்டது.

அங்கே எனக்கு வாய்த்தவள் நாத்தனார், என் கணவரின் தங்கை. என்னைவிட இரண்டு வயது சின்னவள். கல்யாணமாகி அதே லயத்தில் ஒரு சுவர் தள்ளிப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தாள். வாய் மட்டும் லயத்திலேயே மூத்தது.

கொழுந்து பறிக்கப் பேர் பதிந்ததும் எனக்கும் ஒரு கம்பளி கொடுத்தார்கள். கறுப்பு மயிரில் நெய்தது. நனைந்தால் ஆட்டு வாடை அடிக்கும். மடுல்சீமையில் மழை தனியாக வராது, காற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும். இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும்போது தலைக் கம்பளியை யார் பிடிப்பது? அதனால் அதன் ஒரு மூலையை மடித்துத் தைத்துத் தலைக்கு ஒரு கூடு செய்துகொள்வார்கள். கோணி ஊசியும், கம்பளியின் ஓரத்திலிருந்தே உருவிய நூலும் போதும்.

நாத்தனார் தைத்துக் காட்டினாள். விரல் நீளத்துக்கு ஒரு தையல். கடைசியில் முடிச்சு இல்லை.

"முடிச்சு?" என்றேன்.

"முடிச்சுப் போட்டா சாயங்காலம் யாரு அவுக்குறது? ஒரே இழுப்புல வரணும் அண்ணி. விரிச்சு அடுப்புக்கு மேல போட்டாத்தான் காயும். காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறதுக்கு முன்னால திரும்பத் தச்சுக்கலாம்."

தைத்ததைத் தினமும் பிரிப்பதா? எங்கள் கடையில் யாராவது அப்படித் தைத்திருந்தால் அப்பா கஜக்கோலைத் தூக்கியிருப்பார். நான் டவுன் நூலை இரட்டையாகக் கோத்து, நெருக்கமாகப் பின்தையல் போட்டு, முடிச்சும் வைத்தேன். ஓரத்தைக் கத்தரியால் சீராக்கப் போனபோது நாத்தனார் கையைப் பிடித்துவிட்டாள். "கம்பளிக்குக் கத்தரி ஆகாது. வெட்டின எடத்துல இருந்து நூல் நூலாப் போயிரும்." அதை மட்டும் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன்.

நாலு நாள் விடாத மழை. பிரிக்க முடியாத என் கூடு காயவே இல்லை. ஐந்தாம் நாள் காலை, பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்கும்போது காதுக்குப் பின்னால் என்னவோ ஊறியது. தொட்டுப் பார்த்தால் ரத்தம். நான் போட்ட சத்தத்தில் கங்காணி பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நாத்தனார் ஓடிவந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு மடிப்பை விரலால் நெம்பி இன்னும் இரண்டு அட்டைகளை வெளியே எடுத்தாள்.

"எங்கண்ணி அட்டைக்கு நல்ல காம்பரா கட்டிக் குடுத்திருக்காங்க. கூரை ஒழுகவே ஒழுகாது."

வரிசை மொத்தமும் சிரித்தது. கங்காணியும் திரும்பி நின்று சிரித்தார். அன்றிலிருந்து லயத்தில் எது இறுகினாலும் அது 'அண்ணி தையல்'. கதவு திறக்கவில்லையா, அண்ணி தைத்துவிட்டாள். போத்தல் மூடி வரவில்லையா, அதற்கும் அண்ணிதான். எனக்கு நிஜமாகவே கோபம். அந்தக் கோபத்திலேயே அவள் தையலைக் கற்றுக்கொண்டேன். காற்றுக்குப் பிரியாமல் கைக்குப் பிரிய வேண்டும். கேட்க லேசாக இருக்கும். எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

நன்றாகத் தைத்திருக்கிறேன் என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கணவர் நூறு தடவை சொன்னார், அது மனதில் ஒட்டவில்லை. அவளோ தினமும் காலையில் என் கம்பளியை இழுத்துப் பார்த்து, "ம், இன்னைக்குத் தாங்கும்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, இலங்கைத் தோட்டங்களிலிருந்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது, அவள் புருஷன் வீட்டாருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. திருச்சிப் பக்கம். அவள் கண்ணால் கூடப் பார்த்திராத ஊர். போகிற வாரம் தன் கம்பளி, பித்தளைச் சாமான், பிள்ளைகளின் துணிமணி எல்லாவற்றையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"எல்லாத்தையும் கம்பளிக்குள்ள வச்சு மூட்டையாத் தச்சுக் குடுங்க அண்ணி."

நான் கம்பளி நூலை உருவினேன்.

"அது வேணாம். ஒங்க தையல் போடுங்க, முடிச்சு வச்சு. நடு வழியில அவுந்துறக் கூடாது."

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தைத்தேன். இரட்டை நூல், பின்தையல், மூலைக்கு மூலை முடிச்சு. தைக்கத் தைக்கக் கண்ணீர் மூட்டை மேலேயே விழுந்தது. அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஈரமாக்காதீங்க அண்ணி, அட்டை வந்துரும்."

பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதும் மூட்டையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அப்படியே பெட்டிக்குள் தூக்கி வைத்தாள்.

ஆறேழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அவள் சொல்லச் சொல்ல மகள் எழுதியது. லயத்து வாசலில் எல்லோரையும் கூட்டி வைத்து வாசித்தேன். தலைமன்னார்த் துறைமுகத்தில் சோதனை போட்டவர் மூட்டையைப் பிரிக்கப் பார்த்து நகம் பெயர்ந்து, போய்த் தொலை என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டு விட்டுவிட்டாராம். கப்பலில் ஏறும்போது வேறு யாருடைய மூட்டையோ பிரிந்து பானையெல்லாம் உருண்டதாம். 'நம்மளுது ஒரு தையல் கூட விடல. ஊருக்கு வந்து நாலு பேர் இழுத்தும் அவுக்க முடியல. கம்பளிக்குக் கத்தரி ஆகாதுன்னு சொன்ன நானே கடைசியில அரிவாள்மணையில வச்சு அறுத்தேன். ஒங்களத் திட்டிக்கிட்டேதான் அறுத்தேன்.'

வாசல் முழுக்கச் சிரிப்பு. என் தையலுக்கு அவளிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. அதை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

'அறுத்த எடத்தத் திரும்பத் தச்சுட்டேன், ஒங்க தையல்லயே. இங்க மழை இல்ல அண்ணி, இனி அவுக்க வேண்டிய வேலையும் இல்ல.'