சிடுமூஞ்சியின் மூச்சு வகுப்பு

என் நாத்தனாருக்கு நல்ல வார்த்தை பேச வராது. நேரில் நான் 'அண்ணி' என்பேன். மற்ற எல்லோருக்கும் அவர் சிடுமூஞ்சி. அது அவருக்கும் தெரியும், கவலைப்பட்டதில்லை.

ஒரு விடுதிச் சமையற்கட்டில், விறகடுப்புக்கு முன்னால் இளமையெல்லாம் நின்றவர். பீடி, சிகரெட் தொட்டதில்லை. புகை போக வழியில்லாத அந்தக் கூடமே நுரையீரலைத் தின்றுவிட்டது. கெட்டது திரும்பாது, இருப்பதை வைத்து ஓட்டலாம் என்றார் டாக்டர். "ஓட்டிட்டாப் போச்சு" என்று எழுந்து வந்துவிட்டார் அண்ணி.

அதன்பிறகு, ஆஸ்பத்திரியின் பின்பக்கம் உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்திருந்த அறையைச் சண்டை போட்டு வாங்கினார். வியாழன்தோறும் மூச்சுத் திணறல்காரர்கள் அங்கே கூடுவார்கள். உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவது, குனியாமல் துணி துவைப்பது, மருந்தை இழுப்பது என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். அண்ணி மட்டும் சொல்லித்தர மாட்டார், திட்டுவார்.

நடக்க முடியாது என்ற ஒரு பெண்ணிடம், "வாய் மட்டும் ஊரெல்லாம் நடக்குதே, கால் நடக்காதா?" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே நடந்தார்.

அங்கேதான் பெயிண்டர் வந்தார். காருக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவர். முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் அடித்த ஆள். கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தார்.

"டாக்டரே கைய விரிச்சாச்சு. அடுப்பு ஊதினவங்க மூச்சு விடச் சொல்லித்தரப் போறாங்களாக்கும்!"

"ஆமாய்யா, அடுப்பு ஊதினவதான். நீ காருக்கு அடிச்சதவிட உனக்குள்ள அடிச்சுக்கிட்டதுதான் ஜாஸ்தி. உன் நெஞ்சைத் திறந்தா எத்தனை கலர் இருக்குமோ!"

எல்லோரும் சிரித்தார்கள். பெயிண்டர் எழுந்துவிட்டார். "இந்தம்மா மூஞ்சியப் பாத்தாலே மூச்சு நின்னுடும்."

மருந்தை எப்படி இழுப்பதென்று யாரும் காட்டுவதற்குள் போய்விட்டார்.

அடுத்த சில வாரங்களில் அவர் மனைவி தனியாக வந்து நின்றார்.

"மருந்த ஒரு நாள் விட்டதில்லம்மா. அப்படியும் மறுபடி ஆஸ்பத்திரியில போட்டு எடுத்தோம். இன்னொரு தடவ இப்படி வந்தா ஆள் பொழைக்கறது கஷ்டம்னுட்டாங்க. இவரு மருந்தே வேணாம், தூக்கிப் போடுங்கறாரு. நீங்க பேசின பேச்சுக்கு இங்கயும் வர மாட்டேங்கறாரு."

"வராட்டிப் போகட்டும். எனக்கென்ன?" என்றார் அண்ணி. கூட்டம் கலைந்ததும் பையை என் கையில் திணித்தார். "வா, அவன் வீட்டுக்கு."

வீடு மாடியில். பாதிப் படியிலேயே அண்ணிக்கு மூச்சு அடைத்தது. கைப்பிடியில் சாய்ந்து, உதட்டைக் குவித்து ஊதி ஊதி ஏறினார். கதவைத் திறந்த பெயிண்டருக்குக் கொண்டாட்டம்.

"வாங்க டீச்சரம்மா! மூச்சு வகுப்பு எடுக்கறவங்களுக்கே மூச்சக் காணோமே?"

அண்ணி அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நாற்காலியில் விழுந்து கையை நீட்டினார். பையிலிருந்து மருந்துக் குழலை எடுத்துக் கொடுத்தேன். தடித்த விசில் மாதிரி இருக்கும். கேப்ஸ்யூலை அதற்குள் செருகி, ஒரு திருகு திருகி, வாயில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்து அடக்கினார்.

பெயிண்டரின் இளிப்பு நின்றது. "கேப்ஸ்யூல ஏன் அதுக்குள்ள போடறீங்க?"

கொஞ்ச நேரத்தில் அண்ணிக்குக் குரல் திரும்பியது. "பின்ன உன் தலையிலயா போடறது?"

"நான் தண்ணி ஊத்தி முழுங்கறேன்..."

"இந்தக் குழலு?"

"மருந்து வாங்கினதுக்கு இனாம்னு நெனச்சேன். பிரிக்கவே இல்ல."

"அடப்பாவி! நெஞ்சுக்குப் போக வேண்டியத வயித்துக்கு அனுப்பியிருக்கியே! வயிறா மூச்சு விடுது?"

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"நீ எங்கய்யா உக்காந்த? கொதிக்கிற எண்ணெயில தண்ணி பட்டாப்புல துள்ளிக் குதிச்சு ஓடின!"

அவர் மனைவிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "நிறுத்துங்க ரெண்டு பேரும். உங்க வாய்க்கொழுப்புக்கு நான் இந்த மனுஷனப் பறிகொடுக்க இருந்தேன்!"

அண்ணி குழலை எடுத்துவரும்படி கையைக் காட்டினார்.

பிரிக்காத குழல் வந்தது. பெயிண்டர் கேப்ஸ்யூலைப் போட்டுத் திருகினார், வாயில் வைத்தார், பலமாக ஊதினார். வெள்ளைப் பொடி அண்ணி முகத்தில் அடித்தது.

"ஸ்ப்ரே அடிக்கற புத்தி போகுதா பாரு! உள்ள இழுடா!"

இன்னொரு கேப்ஸ்யூலைப் போட்டு இந்தத் தடவை இழுத்தார், அடக்கினார். கண் பிதுங்க இருமினார்.

"வாயக் கொப்பளி. வியாழக்கிழம வந்து எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டு."

"வர மாட்டேன்."

வந்தார். அந்தக் குளிர்காலத்தில் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. இன்றைக்கும் இருவருக்கும் ஆகாது. ஆனால் புதிதாக யார் வந்தாலும் அண்ணி கதவை மறித்துக்கொண்டு, "மருந்த எப்படி எடுக்கற? என் முன்னால எடுத்துக் காட்டு" என்கிறார். திட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.