பற்றைக்குள் அழுத மான்குட்டி

சில வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாதத்து வெக்கையான ஒரு மதியம். பேர்லினுக்கு வெளியே உள்ள காட்டில் நானும் கணவரும் புளூபெரிப் பழம் பிடுங்கிக்கொண்டிருந்தோம். கறை படியும் என்று வீட்டில் கிடந்த பழைய மண்ணிறச் சட்டையைப் போட்டிருந்தேன்.

புதர்ப் பற்றைகளுக்கு அப்பால் "பீ... பீ..." என்று மெல்லிய அழுகை கேட்டது. மான்குட்டி ஏதாவது கம்பியில் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன்.

"இஞ்சருங்கோ, குட்டி ஒண்டு அழுகுது."

"காட்டுக்குள்ள ஆயிரம் சத்தம் வரும். பேசாம பழத்தைப் புடுங்கும்" என்றார் கணவர்.

அவர் சொல்லி நான் என்றைக்குக் கேட்டேன்? குட்டி வெருண்டுவிடக் கூடாதே என்று குனிந்து நடந்து, பிறகு தவழ்ந்தே பற்றைக்குள் போனேன். அழுகை கிட்டக் கேட்டது.

சட்டென்று அது நின்றுபோக, ஓர் ஆண்குரல் டொச் மொழியில் "அசையாதீர்கள்!" என்று கத்தியது. தலையைத் தூக்கினால், ஒரு மரத்தடியில் துவக்கோடு வேட்டைக்காரர்! துவக்கிலிருந்த ரவையைக் கழற்றிவிட்டுத்தான் என்னருகே வந்தார்.

இலை ஒன்றை உதட்டில் வைத்து ஊதி, குட்டிபோல அழுதது அவர்தான். குட்டி அழுதால் தாய் ஓடி வரும். இணைசேரும் காலமென்பதால் அதன் பின்னால் கிடாய் மானும் வரும். நன்றாகக் கிட்ட வந்த பிறகே சுடுவார்களாம். அன்றைக்குத் தாய் மானுக்குப் பதிலாக நான் போயிருக்கிறேன்.

"மண்ணிறமாக ஏதோ அசைந்தது. துவக்கைத் தூக்கிவிட்டேன். ஆனால் முழு உருவத்தையும் காணாமல் நாங்கள் சுடுவதில்லை" என்றார்.

காலையிலிருந்து காத்திருந்தவரின் வேட்டையைக் கெடுத்ததற்கு ஒரு சொல் ஏசவில்லை. குடிக்கத் தண்ணீர் தந்து, கணவர் நின்ற இடம்வரை கூட்டிவந்து விட்டார். நடந்ததைக் கேட்டு என்னை ஏச வாய் திறந்த கணவர், ஏச முடியாமல் அழுதுவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அண்ணனை நினைத்தேன். பற்றை அசைந்தாலே சுட்டுவிட்டு, பிறகு போய்ப் பார்த்த போர்க்காலத்தில் ஊரில் அண்ணனைப் பறிகொடுத்தவள் நான். துவக்கு வைத்திருக்கும் ஒருவர் முதலில் பார்ப்பார், பிறகுதான் முடிவெடுப்பார் என்பதை இந்த வயதில் அந்தக் காட்டில்தான் கண்டேன். உயிரோடு இருப்பதற்காக மட்டுமல்ல, அதைக் காணக் கிடைத்ததற்காகவும் பெயர் தெரியாத அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.