இசை: அப்பா

பயம் வந்தால் எனக்கு முதலில் காது அடைக்கும். கை நடுங்குவது, வாய் காய்வது எல்லாம் அதற்குப் பிறகுதான். அன்றைக்கு எங்கள் மிஸ் எழுந்து வகுப்பறை ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கியபோதே என் இரண்டு காதும் அடைத்துவிட்டன. கிளிநொச்சி வெயிலில், அரைவாசி வேகத்தில் சுற்றுகிற ஃபானுக்குக் கீழே இருந்துகொண்டு யாராவது ஜன்னலைச் சாத்துவார்களா?

சுவரில் எங்கள் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஊடகக் கற்கையின் கடைசித் தவணைக்கு ஒரு குறும்படம் செய்து கொடுக்க வேண்டும். நானும், முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து படித்த என் கூட்டாளி ஒருவனும் சேர்ந்து செய்தோம். ஒரு பெண் மா அரைக்க சைக்கிளில் மில்லுக்குப் போகிறாள். மில்லில் கரண்ட் இல்லை. காத்திருக்கிறாள். கரண்ட் வரவேயில்லை. அரிசியோடு திரும்பி வருகிறாள். ஆறு நிமிடம், அவ்வளவுதான் கதை. நடித்தது என் அம்மா. மா அரைக்கப் போகிற பெண்ணுக்குக் கூறைச் சீலை எதற்கு என்று அவரோடு ஒரு காலை முழுக்க மல்லுக்கட்டி, பவுடரைத் துடைக்க வைத்து, வீட்டுச் சட்டையோடு நிற்கப்பண்ண நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

படம் எடுப்பது லேசு. அதற்கு இசை போடுவதுதான் சீவனை எடுக்கிற வேலை. அம்மா மில் வாசலில் குந்தியிருக்கிற அந்த இரண்டு நிமிடத்துக்கு ஏதாவது வேண்டும். இன்டர்நெட்டில் சும்மா கிடைக்கிற இசையெல்லாம் கேட்டுப் பார்த்தோம். பியானோ போட்டால் அம்மாவுக்கு ஏதோ தீராத வருத்தம் வந்த மாதிரி இருந்தது. வயலின் போட்டால் யாரோ செத்துப்போன மாதிரி. புல்லாங்குழல் போட்டபோது நான் மடிக்கணினியை அடித்து மூடிவிட்டேன். "உனக்கு என்னதான்டி வேணும்?" என்றான் கூட்டாளி. "எங்கடை ஊர்ச் சத்தமா இருக்கோணும், அழக் கூடாது," என்றேன். "அப்ப கோழியைத்தான் பாட விடோணும்," என்றான் அவன்.

அதற்கு அடுத்த நாள் காலை, பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, அந்தச் சத்தம் என் வீட்டிலேயே இருப்பது தெரிந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மிளகாய்த் தோட்டம். அப்பா காலையில் மோட்டரைப் போட்டுவிட்டு, மண்வெட்டியோடு நின்று ஒரு பாத்தியை மூடி அடுத்த பாத்தியைத் திறந்து தண்ணீர் மாறுவார். அப்போது விசிலடிப்பார். வாயைப் பெரிதாகக் குவிக்காமல், பல்லிடுக்கால் மெதுவாக. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரே மெட்டுத்தான். ஏறும், நிற்கும், இன்னும் கொஞ்சம் ஏறும், பிறகு மெல்ல இறங்கும். அந்த நேரம் அம்மா குசினியில் சமைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தே வைத்திருப்பார். கோழி உள்ளே வருகிறது, கதவைச் சாத்து என்று அப்பா எத்தனை தரம் கத்தியும் சாத்தமாட்டார். இதற்கொரு சண்டை எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு தரமாவது நடக்கும்.

அப்பாவிடம் கேட்டால் வெட்கத்தில் அடிக்கமாட்டார் என்று, வேலிக் கதியாலில் கொழுவியிருந்த அவருடைய சேட்டுப் பையில் என் போனை ஒளித்துவைத்துப் பதிந்தேன். கூட்டாளி அதைக் கேட்டுவிட்டுத் துள்ளினான். அவன் தங்கள் ஊர்த் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்ட் வாசிப்பவன். விசிலுக்குக் கீழே மெதுவாகக் கீபோர்டைச் சேர்த்து, இரண்டு நிமிடத்துக்கு நீட்டிக்கொண்டு வந்தான். "பூசை முடிஞ்ச பிறகு கோயிலிலையும் ஒருக்கா வாசிச்சுப் பாத்தனான். பின் வரிசை வாங்கிலை இருந்த ஒரு அம்மா அழுதுகொண்டு எழும்பிப் போட்டா. உங்கடை அப்பா லேசுப்பட்ட ஆளில்லை!" என்றான். நாங்கள் இருவரும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம். எங்களைவிட மடையர் இந்த வன்னியில் இருந்திருக்க முடியாது.

படத்தின் முடிவில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், "இசை" என்று போட்டு அப்பாவின் முழுப்பெயரையும் போட்டேன். பாடசாலைப் பதிவில், அடையாள அட்டையில் இருக்கிற அதே பெயர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லவில்லை. பாடசாலை மண்டபத்தில் எல்லாருடைய படங்களையும் திரையிடுகிற அன்று, ஊர் பார்க்க, திடீரென்று பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன். பொறுக்கமாட்டாமல் முப்பது வினாடியை வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் மிஸ் ஜன்னலைச் சாத்தினார். காட்சிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

"இந்த மியூசிக் ஆர் போட்டது?"

"எங்கடை அப்பா மிஸ். அவரின்ரை சொந்த மெட்டு."

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சொந்த மெட்டோ... பிள்ளை, சண்டைக் காலத்திலை இந்த றோட்டாலை ஒவ்வொரு நாளும் ஸ்பீக்கர் கட்டிப் போன வாகனத்திலை கேட்ட பாட்டு இது. இயக்கத்துக்கு ஆக்களைச் சேக்கிறதுக்குப் போட்டவை. என்ரை வயசிலை இஞ்சை இருந்த எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு முன் வரிசையிலை வந்து இருக்கப்போற அதிகாரியளுக்கும் நல்லாத் தெரியும்."

சண்டை முடியும்போது எனக்கு மூன்று வயது. கூட்டாளிக்கும் அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்தது அப்பாவின் விசில் மட்டும்.

"அப்பா முந்தி எங்கை இருந்தவர்?" என்று மிஸ் கேட்டார். நான் சுவரில் ஓடிய படத்தை நிறுத்தினேன். அவரும் திருப்பிக் கேட்கவில்லை. அப்பா, சண்டை முடிந்தபிறகு இயக்கத்து ஆட்களை அடைத்துவைத்த தடுப்பு முகாமில் இருந்து, புனர்வாழ்வு முடித்து வந்தவர். எங்கள் வீட்டில் அதைப்பற்றி அதற்கு மேல் கதை இல்லை. வருடத்தில் இரண்டு மூன்று தரம் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் சிவில் உடுப்பில் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணீர் கொடுப்போம். என்ன பயிர், வெளிநாட்டில் ஆர் இருக்கினம், மகள் என்ன படிக்கிறா என்று கேட்பார்கள். அவர்கள் போன பிறகு அப்பா இரண்டு நாளைக்குச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவார். அப்படிப்பட்ட மனுசனின் பெயரை அந்தப் பாட்டுக்குக் கீழே நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன்!

"நீங்கள் படம் போட்டுத் தந்த பென்டிரைவ் ஒஃபீஸிலைதான் கிடக்கு, நான் எடுக்கிறன். நீங்கள் இப்பவே சத்தத்தை மாத்துங்கோ," என்றார் மிஸ். "வேறை ஆருக்கும் அனுப்பினனீங்களோ?"

அப்போதுதான் ஸ்டேட்டஸ் ஞாபகம் வந்தது. போனை எடுத்து யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தேன். மச்சாள், வகுப்புப் பிள்ளைகள், உரக்கடை அண்ணை. நடுவில் "வாறவர்" என்று ஒரு பெயர். போன முறை வந்த இருவரில் ஒருவர் ஏதும் தேவையென்றால் எடுங்கோ தங்கச்சி என்று தன் நம்பரைத் தந்து, என்னுடையதையும் வாங்கிக்கொண்டு போனார். அழைப்பு வந்தால் ஆர் என்று தெரியவேண்டும், பதிந்து வை என்று அப்பாதான் சொன்னார். அந்த ஆள் காலை எட்டு மணிக்கே பார்த்திருக்கிறார்.

அழித்தேன். பார்த்த கண்ணை அழிக்க முடியுமா?

கூட்டாளி சத்தத்தை மாற்ற உட்கார்ந்தான். அவன் முகத்திலும் இரத்தம் இல்லை. "நான் அதைக் கோயிலுக்குள்ளை வாசிச்சனான்," என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். நான் பளைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க முன்னால் போகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் பார்த்தேன். பஸ்ஸில் சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் ஒழுங்கை முகப்பில் இறங்கி நடந்தால், கேற்றடியில் ஒரு மோட்டார் சைக்கிள். ஹெல்மெட் கழற்றாமல் இரண்டு பேர். அப்பா கைகளை முன்னால் கட்டிக்கொண்டு தலையாட்டுகிறார். ஐயோ கடவுளே, என்னால்தான், என்னால்தான் என்று மனம் கதறியது.  வேலியைப் பிடித்துக்கொண்டேன். முள் குத்தியதை இரவு கை கழுவும்போதுதான் கண்டேன். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "மகளோ?" என்று கேட்டார். "ஓம்," என்றார் அப்பா. "அப்ப ஐயா, நெல்லு வெட்டு மிசின் புதன்கிழமை வரும். வயல் காஞ்சிருக்கோணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அட கோதாரி விழுவாரே! நான் அந்த இடத்திலேயே இருந்து அழத் தொடங்கிவிட்டேன்.

அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் முகம் கழுவ வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எது என்ன பாட்டு என்று அவருக்கு விளங்கவில்லை. "எங்கை, போடு பாப்பம்," என்று கவிழ்த்துவைத்த வாளியில் இருந்துகொண்டு போனைக் காதில் வைத்தார்.

கேட்டார். இறங்குகிற இடம் வரைக்கும் கேட்டார். அவருடைய முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

"ஆர் பிள்ளை இதை அடிக்கிறது?"

"நீங்கள்தான் அப்பா."

"விசர்க்கதை கதையாதை. நான் இதை அடிக்கிறேல்லை."

"ஒவ்வொரு நாளும் தண்ணி மாறேக்கை அடிக்கிறனீங்கள்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்த எவருக்கும் அது தெரியும். என்னத்தை அடிக்கிறோம் என்று அந்த மனுசனுக்கே தெரியாது. குசினி வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம்," என்றார் அம்மா. "நீங்கள் தடுப்பாலை வந்த நாளிலையிருந்து."

"பக்கத்து வளவுக்காரருக்குக் கேக்கும். றோட்டிலை போறவைக்குக் கேக்கும்." அப்பா விரலை மடக்கி மடக்கி எண்ணத் தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டு, மிகவும் மெதுவாக, "அவையள் வரேக்கையும் அடிச்சனானோ?" என்று கேட்டார்.

"இல்லை. அவையள் வந்தா அடிக்கிறேல்லை."

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அம்மா ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "சொன்னா நிப்பாட்டிப் போடுவியள்," என்றார்.

அப்பா போனை என்னிடம் தந்து, "அழிச்சுப்போடு பிள்ளை," என்றார். அவருக்கு முன்னாலேயே அழித்தேன். கூட்டாளிக்கும் கோல் எடுத்து அழிக்கச் சொன்னேன். அவன் ஏற்கெனவே அழித்திருந்தான்.

அடுத்த நாள் மண்டபத்தில் எங்கள் படம் ஓடியது. அம்மா குந்தியிருக்கிற இரண்டு நிமிடத்துக்கும் ஒரு காகமும், தூரத்தில் பஸ் ஹோர்னும், யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தமும் மட்டும். முன் வரிசையில் இருந்த ஒரு பெரிய மனிதர் மேடையேறி, இசையே இல்லாமல் செய்த துணிச்சலைப் பாராட்டுகிறேன் என்றார். துணிச்சலாம்!  அப்பா கடைசி வரிசையில் இருந்து கை தட்டினார். அம்மா கூறைச் சீலையோடு வந்திருந்தார்.

அந்த "வாறவர்" இன்னும் வரவில்லை. ஸ்டேட்டஸைச் சத்தமில்லாமல் பார்த்திருப்பார் என்கிறான் கூட்டாளி. இருக்கலாம். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் திரும்பினால் எனக்குக் காது இன்னும் அடைக்கிறது.

அப்பா இப்போதும் காலையில் தண்ணீர் மாறுகிறார். ஒரு வைக்கோல் துண்டை முறித்துப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டுதான் மண்வெட்டியைத் தூக்குகிறார். தோட்டத்தை விட்டு வெளியே வரும்வரை அதைத் துப்புவதில்லை. வாய் தன்னை அறியாமல் குவிந்துவிடுமோ என்று பயம். இத்தனை வருடம் எந்தப் பயமும் எட்டாத ஒரு மூலை அவருக்குள் இருந்தது. அங்கேயும் பயத்தைக் கொண்டுபோய் வைத்தவள் நான்தான்.

போன கிழமை ஒரு காலை, அப்பா மோட்டரைப் போட்ட சத்தம் கேட்டது. அம்மா எழுந்துபோய்க் குசினியின் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து தேங்காய் துருவ இருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கிறாய்?" என்றார். "கோழி உள்ளுக்கை வருது."